கழுதை தின்னாத கத்தரி

"ஒரு இலைகூடக் கடிபடேல்லை. பிறகேன் பிள்ளை அழுறாய்?"

அமிர்தநாயகத்துக்கு விளங்கவேயில்லை. அவருடைய வளவில் கத்தரி பச்சைப்பசேலென்று நின்றது. பக்கத்து வீட்டு யசிந்தாவின் வெண்டியும் அப்படித்தான். பள்ளிமுனையில் அந்த ஒழுங்கை முழுக்க அப்படித்தான்.

நிறஞ்சலா கம்பஸில் படிக்கிறவள். தெருவில் திரியும் கழுதைகள் தோட்டத்தைத் தின்னாமலிருக்க, வேப்பெண்ணெயும் உள்ளிப்பூண்டும் கலந்து ஒரு மருந்து தயாரித்திருந்தாள். அதைச் சோதித்துப் பார்க்கத்தான் ஒழுங்கையில் வீட்டுக்கொரு போத்தல் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். இன்று முடிவு பார்க்க வந்தவள் செடி செடியாகப் பார்த்தாள். கடைசியில் அமிர்தநாயகத்தின் வாசலில் கதிரையில் இருந்து கண்ணைக் கசக்கினாள்.

"கழுதை ஒண்டையும் தின்னாமல் விட்டிட்டுதே, அங்கிள்!"

அமிர்தநாயகம் மனைவியைக் கூப்பிட்டார்.

"றஞ்சிதம், கேட்டியே கதையை? எங்கட தோட்டம் அழியேல்லை எண்டு இவ அழுறா!"

"ஐயோ, அப்பிடியில்லை அங்கிள். பாதி வீடுகளுக்குத்தான் மருந்து தந்தனான். மற்றப் பாதிக்கு வெறும் தண்ணி."

யசிந்தா மதிலுக்கு மேலால் எட்டினாள்.

"தண்ணியோ! ஆருக்குத் தண்ணி?"

"உங்களுக்கு, அன்ரி. இந்த அங்கிளுக்கும்."

அமிர்தநாயகம் துள்ளி எழும்பினார்.

"பச்சைத் தண்ணியையோ நான் மூக்கைப் பொத்திக்கொண்டு தெளிச்சனான்? என்ன காரமான மருந்து எண்டு சந்தையில எல்லாருக்கும் சொன்னனே! தும்மல்கூட வந்தது!"

"அப்ப எங்களைப் பேய்க்காட்டினனியோ?" என்றாள் யசிந்தா.

"இல்லை அன்ரி. தண்ணி தெளிச்சதைத் திண்டு, மருந்து தெளிச்சதை விட்டாத்தானே மருந்து வேலை செய்யுது எண்டு தெரியும்? சில வீட்டுக்குத் தண்ணிதான் வரும் எண்டு முதல் கூட்டத்திலயே சொன்னனான். நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை. அந்த நேரம்தான் தேத்தண்ணியும் றோல்ஸும் வந்தது."

அமிர்தநாயகம் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"சரி, விடு. ஒண்டையும் தின்னேல்லைத்தானே? மருந்து நல்லம் எண்டு எழுதிப்போட்டுப் பட்டத்தை வாங்கன்."

"எழுதினா, நாளைக்கு இதைக் கடையில விப்பினம். சனம் நம்பி வாங்கித் தெளிச்சுப்போட்டு நிம்மதியாப் படுக்கும். விடியப் பாத்தாக் கழுதை எல்லாத்தையும் மேஞ்சிருக்கும். அந்தப் பழி ஆருக்கு, அங்கிள்?"

நிறஞ்சலா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"எல்லாத்தையும் முதல்ல இருந்து திருப்பிச் செய்யத்தான் வேணும். ஆனா எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை. தண்ணி தெளிச்ச செடியை அது ஏன் விட்டது? மன்னார்க் கழுதை தபசுகாலத்திலயும் ஒருசந்தி எண்டு பட்டினி கிடக்காதே!"

யசிந்தாவின் தலை மதிலுக்கு அங்கால் மெல்ல இறங்கியது. அமிர்தநாயகம் முகட்டைப் பார்த்தார்.

"சொல்லுங்கோவன்," என்றாள் றஞ்சிதம்.

"என்னத்தையப்பா?"

"நீங்கள் சொல்லாட்டில் நான் சொல்லுறன்."

அவள் நிறஞ்சலாவின் பக்கம் திரும்பினாள்.

"கழுதை ஒரு இலை கடிச்சாலும் உன்ர படிப்புப் பாழாப் போயிடும் எண்டு பயந்து, இந்த மனிசன்தான் பிள்ளை, கடலுக்கும் போகாமல், ஒழுங்கை முழுக்க ஆக்களை முறை வைச்சுக் கழுதையைத் துரத்திக் கலைச்சவர்!"

நிறஞ்சலாவுக்கு அழுகை பாதியில் சிரிப்பாய் மாறியது. அமிர்தநாயகம் வெட்கத்தோடு தலையைச் சொறிந்தார்.

"இனிமேல் கலைக்கமாட்டன், பிள்ளை. மாதாவாணை! கழுதை வராட்டில் நானே போய்க் கூட்டிக்கொண்டு வந்து விடுறன்."

"ஐயோ அங்கிள், அதுவும் கூடாது!"