தராசின் காலித் தட்டுகள்

சந்தையில் ஒரு காய்கறிக் கடையில் தராசு ஒன்று இருந்தது. விடிந்தால் ஓட்டம்தான். ஒருவர் கத்தரிக்காயை எடுத்து முடிப்பதற்குள் அடுத்தவர் வெண்டைக்காயைக் கொட்டிவிடுவார். தட்டுகள் காலியாகி ஆடி அடங்கிப் பல மாதமாயிற்று. அதில் தராசுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆனால் இரண்டு நாளாக அதற்கு மனசு சரியில்லை. புதன்கிழமை வந்த அம்மாள் ஒருத்தி பையைத் தூக்கிப் பார்த்து, "ஒரு கிலோ மாதிரி இல்லையே" என்று முனகிவிட்டுப் போனாள்.

"நான் சரியாத்தானே இருக்கேன்?" என்று எடைக்கல்லிடம் கேட்டது தராசு.

"எனக்கெப்படித் தெரியும்? என்னையும் இறக்கிட்டு, காயையும் இறக்கிட்டு, சும்மா நின்னு பாரு."

"சும்மா நிக்கிறதா? வரிசையைப் பாத்தியா?" என்று சீறியது தராசு. வரிசை இருந்தது நல்லதாய்ப் போயிற்று என்று உள்ளுக்குள் தோன்றியதை அது சொல்லவில்லை.

மத்தியானம் சடசடவென்று மழை. கூட்டம் கலைந்தது. கடைக்காரர் எடைக்கல்லை ஓரமாக வைத்துவிட்டுப் படுதாவை இழுக்க ஓடினார். காலித் தட்டுகள் ஆடின, அடங்கின. காய்த் தட்டு தாழ்ந்தே நின்றது. அதன் அடியில் புளி உருண்டை ஒன்று ஒட்டிக் காய்ந்து கிடந்தது.

"எத்தனை நாளா?" என்று கேட்டது தராசு.

மழை விட்டது. "அண்ணே, ஒரு கிலோ தக்காளி!"

ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம் என்று தராசு துடித்தது. அதற்குள் எடைக்கல் ஏறியது, புளி ஒட்டிய தட்டில் தக்காளிகள் விழுந்தன. முள் மெல்ல ஆடி, நட்டநடுவில் நேராக நின்றது.

"பாத்துக்குங்க, நூலளவு பிசகல" என்றார் கடைக்காரர்.