குங்கிலியம் ஆறுவதற்குள்

கொக்கிலமேட்டுக் கரையில், கவிழ்த்துப் போட்ட படகின் பக்கத்தில் மாயவன் குந்தியிருக்கிறான். மூன்று கல் அடுப்பில், படகின் இடுக்குகளை அடைத்துப் பூசக் குங்கிலியமும் எண்ணெயும் கொதிக்கின்றன; அந்தப் புகையில் உச்சி வெயில் நெளிகிறது. அவன் முன்னால் கோணித் துண்டில் நுனி நசுக்கிய பனைமட்டை, நார் கட்டிய மூங்கில் குச்சி, தேய்ந்துபோன கொத்தனார் கரண்டி. ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்கிறான், வைக்கிறான், மறுபடி எடுக்கிறான். “இன்னாய்யா, பொண்ணு பாக்குறியா? இறுகிடப் போவுது,” என்கிறாள் பெண்டாட்டி ஆதியம்மாள், சட்டியைத் துழாவியபடி. “காலீல என் தம்பி இதுலதான் கடலுக்குப் போவணும். வேற படவு ஏது?” மட்டை தடிப்பாகப் பூசும், இடுக்கில் நுழையாது. கரண்டி பூசியதையே வழித்துவிடும். நார்க்குச்சிதான் சரி என்று ஒருவழியாக முடிவுக்கு வருகிறான். பூசுமுன், பலகையில் ஒட்டிய மணலைத் துடைக்கக் கட்டைவிரலை வைத்து அழுத்துகிறான். விரல் சத்தமே இல்லாமல் உள்ளே போகிறது. ஒரு சாண் தள்ளி அழுத்துகிறான், அங்கேயும் போகிறது. புழு மரத்தையெல்லாம் தின்றுவிட்டு மேல்தோலை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது. “இன்னா கீது அங்க?” என்று ஆதியம்மாள் எட்டிப் பார்க்கிறாள். மாயவன் இரண்டு ஓட்டைகளும் மறையும்படி கையை விரித்து வைக்கிறான். “ஒண்ணும் இல்ல. சட்டிய எடுத்துனு வா.”