எல்லோருக்கும் பின்னால் வருகிறவர்

மலை ஓட்டப் பந்தயத்தில் என் வேலை எல்லோருக்கும் கடைசியாக ஓடி வருவது. வெயிலில் யாரும் மயங்கி வழியில் கிடந்துவிடக் கூடாது. அதைப் பார்த்துக்கொண்டே, வழி தெரிவதற்காக மரங்களில் கட்டிய சிவப்பு ரிப்பன்களையும் அவிழ்த்து வருவேன். முடிச்சு இறுகியிருந்தால் பல்தான் கை கொடுக்கும்.

எல்லைக்கோட்டைத் தொட்டதும் மனைவி தண்ணீர் நீட்டினாள்.

"நனைஞ்ச கோழி மாதிரி இருக்கீங்க."

பக்கத்தில் இன்னொரு டம்ளரையும் நிரப்பினாள்.

"அது யாருக்கு?"

"பின்னாடி ஒருத்தர் வர்றாரே."

"எனக்குப் பின்னாடி ஈ காக்கா கிடையாது. ஓடுன எல்லாரும் வந்தாச்சு. அறுபது ரிப்பனும் பையில இருக்கு, எண்ணிக்கோ."

எண்ணினாள். அறுபது சரியாக இருந்தது.

நேரம் குறிக்கும் அவள் தம்பி சிரித்தான். "அப்ப அங்க பாருங்க, மாமா."

மலைச்சரிவில், நான் அவிழ்த்து வந்த அதே மரங்களில், மரத்துக்கு மரம் சிவப்பு ரிப்பன் ஆடிக்கொண்டிருந்தது. கடைசி வளைவில் ஒருவர் நின்று முடிச்சைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். அவிழ்ந்ததும் எங்களைப் பார்த்து உற்சாகமாகக் கையசைத்தார்.

மனைவியும் கையசைத்தாள். பிறகு அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாவது டம்ளரை நிரப்பினாள்.