மஃரிப் வரைக்கும் அத்தா இல்லை

"மாமா, ஒரு விடுகதை. ரெண்டு வீடு. ரெண்டுலயும் ஒரே சாமான். ஒரு வீட்டுல வாடகை கம்மி. ஆனா குடியிருக்கறவர் செத்து மவுத்தாயிட்டா, வீட்டுக்காரன் வந்து பத்து சாமானுக்கு நாலு எடுத்துக்குவான். இன்னொரு வீட்டுல வாடகை கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா எவனும் வரமாட்டான். நீங்க சாமானை எங்க வைப்பீங்க?"

கதவைத் திறந்த கையோடு கேட்டாள் ஒன்பது வயது அஃப்ஷீன்.

"இன்னா கேள்வி இது? வாடகை கம்மியான வீட்டுலதான்," என்று சிரித்தபடி செருப்பைக் கழற்றினான் முதஸ்ஸிர். அக்கா மகளின் தலையைத் தட்டிவிட்டு உள்ளே பார்த்தான். ஜன்னலோர நாற்காலியில் அஸ்கர் மச்சான் உட்கார்ந்திருந்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான்."

பதில் இல்லை. கண்கள் திறந்திருந்தன. மார்பு ஏறி இறங்கியது. அவ்வளவுதான்.

அக்கா நசீம் பானு டீ கொண்டுவந்தாள். புருஷனின் முழங்காலில் புடவை படாமல் ஒதுங்கி வந்தாள்.

"அவர் இல்லையேடா," என்றாள்.

"இதோ உக்காந்துகினு கீறாரே?"

"அத்தா இல்ல மாமா." அஃப்ஷீன் நாற்காலிப் பக்கம் திரும்பவே இல்லை. "சாயங்காலம் மஃரிப் பாங்கு சொல்ற வரைக்கும் இல்ல."

முதஸ்ஸிர் தட்டைப் பார்த்தான். மூன்று டம்ளர்தான் இருந்தன.

"அவருக்கு டீ?"

"இல்லாதவங்களுக்கு டம்ளர் கிடையாது," என்றாள் குழந்தை.

நசீம் லேப்டாப்பைத் திறந்தாள். எதையும் பார்க்காமல், உதடு அசைய, புருஷனின் முதலீட்டுக் கணக்குப் பாஸ்வேர்டை அடித்தாள். ஒருமுறை தப்பாகப் போயிற்று. நிமிர்ந்து நாற்காலியைப் பார்க்கப் போனவள், பார்க்காமலே குனிந்து மறுபடி அடித்தாள்.

திரையைப் பார்த்ததும் முதஸ்ஸிருக்குக் கோபம் வந்தது. அவன் சென்னீர்குப்பத்திலிருந்து வந்ததே அதைக் கேட்கத்தான்.

"நான் சொன்ன அமெரிக்க ஃபண்டை வித்துட்டாராமே? அதே கம்பெனிப் பங்குகளை வெச்சிருக்கற அயர்லாந்து ஃபண்டை, ஜாஸ்தி கட்டணம் குடுத்து வாங்கியிருக்காரு. கேட்க வந்தா ஆள் இல்லைன்னு நாடகம். குழந்தைய வெச்சுகினு மவுத் விளையாட்டு. இன்னாக்கா, இவருக்குப் பைத்தியமா?"

அக்கா திரையிலிருந்த எண்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டிருந்தாள்.

பாங்கு கேட்டது.

நாற்காலி கிரீச்சிட்டது. அஸ்கர் எழுந்தார். "வா மாப்ளே, எப்ப வந்தே?" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டார், தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்ய.

முதஸ்ஸிர் அவர் கையைப் பிடித்தான். "மறைக்காதீங்க மச்சான். டாக்டர் எவ்வளவு நாள் சொல்லியிருக்காரு?"

"எந்த டாக்டர்? எனக்கு ஒண்ணும் இல்லையே."

"போன வாரம் அம்மா இல்ல மாமா," என்றாள் அஃப்ஷீன். "அத்தாதான் ரசம் வெச்சாரு. உப்பே போடல."

"அப்புறம் எதுக்கு இதெல்லாம்?"

"மஸ்கட்ல என்கூட வேலை பார்த்த யூசுப்புக்கும்தான் ஒண்ணும் இல்ல. ராத்திரி படுத்தவன் காலைல எழுந்திரிக்கல. அமெரிக்காவுல பதிவான ஃபண்டை வெச்சுகினு, நம்மள மாதிரி வெளிநாட்டுக்காரன் செத்தா, அறுபதாயிரம் டாலருக்கு மேல இருக்கறதுல நூத்துக்கு நாப்பது வரைக்கும் அங்க வரி. அயர்லாந்துல பதிவான ஃபண்டுக்கு அந்த வரி கிடையாது. யூசுப் பொண்டாட்டிக்கு வரியும் தெரியாது, பாஸ்வேர்டும் தெரியாது. ரெண்டு வருஷம் அலைஞ்சுது அந்தப் பொண்ணு. அதான் வாரத்துக்கு ஒருத்தர் இல்லாம இருந்து, மத்தவங்க பழகிக்கறோம்." நிறுத்தினார். "உன் பணம் எந்த வீட்டுல இருக்கு மாப்ளே?"

"பதிமூணு வருஷச் சம்பளம். எல்லாம் அமெரிக்க ஃபண்டுலதான். கட்டணம் கம்மின்னு..."

"தஸ்லீமுக்குத் தெரியுமா?"

முதஸ்ஸிர் மனைவியின் முகத்தை நினைத்தான். "ரெண்டு சின்னப் பசங்கள வெச்சுகினு கீறா. அவகிட்டப் போய் மவுத்தப் பத்திப் பேசுவாங்களா? பயந்துடுவா மச்சான். அவ மேல உள்ள பிரியத்துலதான் சொல்லல."

அஸ்கர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, வாரா வாரம் கேட்பதுபோல மகளைக் கேட்டார்.

"அடுத்த வாரம் யாரும்மா இல்ல?"

அஃப்ஷீன் அம்மாவைப் பார்த்தாள். அத்தாவைப் பார்த்தாள். பிறகு மாமா பாதி குடித்து வைத்திருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.