ஐந்தாவது முறையும் ஏமாந்த அப்பா

“உங்கப்பா இந்த வாரமும் சொல்லிட்டாரு,” என்றான் ரேடியோ.

அவன் பெயர் அதுவல்ல. செய்தி வாசிக்கிற மாதிரி குரல் என்பதால் ஆபீசில் வைத்த பெயர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஆறு நம்பரையுமா?”

“ஆறையும். ஒவ்வொண்ணா, நிறுத்தி நிதானமா. எழுதிக்கிட்டீங்களா தம்பின்னு வேற கேட்டாரு.”

நானும் ரேடியோவும் வேலை பார்ப்பது, பிட்காயின் மாதிரி டிஜிட்டல் காசை வாங்கி விற்கும் ஒரு கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில். வாடிக்கையாளர் கணக்குகள் ஹேக்கர்கள் கையில் சிக்காமல் பார்த்துக்கொள்ளும் பிரிவு. ஊரார் கணக்கையெல்லாம் கட்டிக் காக்கிறேன். பெற்ற அப்பா என் மானத்தை வாங்குகிறார்.

அப்பா முப்பது வருஷமாகப் பூட்டு, சாவிக் கடை வைத்திருக்கிறார். நான் இருக்கும் ஊரிலிருந்து ரயிலில் ஆறு மணி நேரம். அம்மா போன பிறகு அங்கே தனியாகத்தான் இருக்கிறார். சிறுகச் சிறுக வாங்கிப் போட்ட பிட்காயின், முழங்கால் ஆபரேஷனுக்கும் அதற்குப் பிறகு கடையை மூடிவிட்டு உட்கார்ந்து சாப்பிடவும் போதுமான அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அது போனால் அவருக்கு வேறு எதுவும் கிடையாது.

இரண்டு மாதம் முன்பு, யாரோ அவர் கணக்கில் நுழையப் பார்த்ததாக மூன்று எச்சரிக்கை மெயில்கள் வந்தன. என் அப்பா கணக்கிலா கை வைக்கிறாய், பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். பாஸ்வேர்டை மாற்ற வைத்தேன். அரை நிமிஷத்துக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண் அவர் செல்போனிலேயே வரும்படி செய்தேன். அந்த எண்ணை யார் கேட்டாலும், நானே கேட்டாலும் சொல்லக்கூடாது என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

பாடம் ஏறியதா என்று பார்க்கத்தான், ஞாயிறுதோறும் ரேடியோவைத் திருடன் மாதிரி போன் பண்ணச் சொன்னேன். முதல் வாரம் அப்பா மசியவில்லை. அதோடு சரி. அடுத்த ஐந்து வாரமும் கேட்ட மாத்திரத்தில் கொடுத்துவிட்டார்.

நானும் விடுகிற ஆளில்லை. அவர் சொதப்பிய ஒவ்வொரு ஞாயிறும் உடனே போனைப் போட்டு, முதலிலிருந்து பாடம் எடுப்பேன். உம் கொட்டிக் கேட்பார். நடுவில் சளி தேவலையா, அந்த மேனேஜர் இன்னும் படுத்துகிறானா, வீட்டுக்காரர் குழாயைச் சரி பண்ணித் தந்தாரா என்று பேச்சை எங்கேயோ கொண்டுபோவார். பதில் சொல்லி, மறுபடி பாடத்துக்கு இழுத்து வருவதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

“இது வேலைக்காகாது,” என்றேன் ரேடியோவிடம். “நேர்ல போய்க் கணக்கை என் பொறுப்புக்கு மாத்திடப் போறேன். கோவிச்சுக்கிட்டாலும் சரி.”

லீவு போட்டு, புதன்கிழமை காலையில் கடை வாசலில் போய் நின்றேன்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று சொல்லி டூப்ளிகேட் சாவி கேட்டவரை, அவரையே வரச் சொல்லுங்க என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார் அப்பா. இந்தக் கண்டிப்பு போனில் மட்டும் எங்கே போகிறதோ என்று வயிறெரிந்தது.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. நான் அதற்கெல்லாம் இடம் கொடுக்காமல், வந்த விஷயத்தைச் சொன்னேன். மறுப்பார், கோபப்படுவார் என்று நினைத்தேன். லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஒரு சாவிக்கு அரம் போட உட்கார்ந்துவிட்டார்.

பார்த்தேன். இந்தக் கணக்குக்கு மட்டும் தனி மெயில். உள்ளே போகவே பென் டிரைவ் மாதிரி ஒரு பாதுகாப்புச் சாவியைச் செருக வேண்டும். காசு வெளியே போவதானால் அவர் முன்பே பதிந்துவைத்த ஒரே ஒரு கணக்கு முகவரிக்குத்தான் போகும், அதுவும் ஒரு நாள் காத்திருந்த பிறகு. நான் சொல்லிக்கொடுத்தது இதில் பாதிதான். மீதியை எங்கள் பிரிவிலேயே பலர் செய்வதில்லை. உண்மையைச் சொன்னால், நானே செய்யவில்லை.

அப்போது அவர் செல்போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், எக்ஸ்சேஞ்ச்லேர்ந்து பேசறோம். உங்க கணக்கை யாரோ ஹேக் பண்றாங்க. ரெண்டே நிமிஷத்துல எல்லாம் போயிடும். அந்த ஆறு நம்பரைச் சொல்லுங்க, சீக்கிரம்.”

ரேடியோவின் குரல் இல்லை. போனைப் பிடுங்க எழுந்தேன்.

அப்பா அரத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை. “ஆளைப் பார்க்காம நான் யாருக்கும் சாவி கொடுக்கறதில்ல. வைங்க.”

வைத்தார். அந்த எண்ணை பிளாக் செய்தார். மறுபடி அரம் போட ஆரம்பித்தார்.

“இந்த மாசத்துல இது நாலாவது ஆளு,” என்றார்.

“அப்போ ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன்ப்பா கேட்டதும் சொல்லிடறீங்க?”

“அது உங்க ஆபீஸ் தம்பிதானே? நான் கண்ணாடியைத் தேடி எடுக்கற வரைக்கும், மெதுவா வாங்க சார்னு சொல்ற திருடனை நீ பார்த்திருக்கியா? வாயில வந்த ஆறு நம்பரைச் சொல்லுவேன். அதுல ஒண்ணுகூட நிஜமில்ல.”

நிம்மதி வருவதற்குள் கோபம் வந்துவிட்டது. ஐந்து வாரமாக எனக்கு ஒழுங்கான தூக்கமில்லை. வேலையில் மனசு ஓடவில்லை. அதையெல்லாம் கொட்டித் தீர்த்தேன்.

“எல்லாம் தெரிஞ்சும் எதுக்குப்பா இந்த விளையாட்டு? மொத வாரம் சொன்ன மாதிரி, முடியாதுன்னு சொல்லி வச்சிருக்கலாம்ல?”

அரம் நின்றது. அப்பா என் முகத்தைப் பார்க்காமல், சாவியிலிருந்த தூளைத் துடைத்தார்.

“சொன்னேன். உனக்கும் மெசேஜ் போட்டேன். அதுக்கு நீ ஒரு கட்டைவிரல் படம் அனுப்பிட்டு விட்டுட்டே. ஏமாந்தாத்தானேம்மா கூப்பிட்டுப் பேசறே.”