கடிக்கக் கூடாது, சிட்டு!

"கையை இழுக்காதீங்கப்பா! இழுத்தா வெளையாட்டுன்னு நெனச்சு இன்னும் அமுக்கிக் கடிக்கும்."

ஜாஸ்பின் போட்ட சத்தத்தில், கட்டிலில் சாய்ந்திருந்த ஜெபமாலை கையை அப்படியே வைத்துக்கொண்டார். அவருடைய சுண்டுவிரலைக் கவ்வியிருந்த பூனைக்குட்டி சிட்டு, மெல்ல வாயை எடுத்தது. நல்லவேளை, பல் பதியவில்லை.

"படிச்சுக்கிட்டியாடி, கழுதை?" என்று அதனிடம் கேட்டுச் சிரித்தார்.

மனைவி இறந்த பிறகு அவர் வாய் திறந்து பேசுவது சிட்டுவிடம் மட்டும்தான். மகளுக்குக்கூட ஒரு 'ம்' கிடைத்தால் பெரிது.

ஆனால், இதய ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் உறையாமலிருக்க அவர் மாத்திரை சாப்பிடுகிறார். குண்டூசி பட்டாலும் குழாயைத் திறந்துவிட்ட மாதிரிதான். போன வாரம் சிட்டு கடித்ததில் துண்டு முழுக்க நனைந்து, ஆவூரிலிருந்து புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதாயிற்று. விஷயம் தெரிந்து, திருச்சியில் இருக்கும் ஜாஸ்பினின் அண்ணன் லியோன் போனில் கத்தித் தீர்த்துவிட்டான்.

"ஞாயித்துக்கெழமை வாரேன். அதுக்குள்ள அது கடிக்கிறத விடலைன்னா, சாக்குல கட்டி எங்கிட்டாச்சும் கொண்டுபோய் விட்டுருவேன்."

"அது போச்சுன்னா அப்பாவும் போயிருவாருண்ணே."

"அது இருந்தாத்தான் போயிருவாரு!"

இதோ, ஞாயிறும் வந்துவிட்டது. வாரம் முழுக்க ஜாஸ்பினுக்கு வாத்தியார் வேலைதான். வெறுங்கையால் விளையாட்டுக் காட்டக் கூடாது. வாலை ஆட்டினால் தடவுவதை நிறுத்திவிட வேண்டும். கவ்விவிட்டால் கை மரக்கட்டையாகிவிட வேண்டும். பூனையைவிட அப்பாவுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

"அண்ணன் வர்ற நேரம். கையை ஆட்டாம இருங்கப்பா, இன்னைக்கு ஒரு நாள்" என்று சொல்லிவிட்டு, மீன் கழுவக் கொல்லைப்பக்கம் போனாள்.

மீனைக் கழுவி, குழம்பையும் கூட்டி அடுப்பில் வைத்த நேரத்தில் லியோன் வந்தான். சொன்னபடியே கையில் சாக்கு.

"எங்க அது?"

"சத்தம் போடாதண்ணே, அப்பா தூங்குறாரு. நீயே வந்து பாரு."

அப்பாவின் கையை ஒட்டிச் சிட்டு சுருண்டு படுத்திருந்தது. அதன் வாய்க்கு நேரே அவர் விரல். கண்ணை அரைகுறையாகத் திறந்து பார்த்ததே தவிர, கடிக்கவில்லை.

லியோன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். "பரவால்லயே! சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று சாக்கை மடித்தான்.

ஜாஸ்பினுக்கு அழுகையே வந்துவிட்டது. தூக்கத்தில்கூட அப்பா பாடத்தை மறக்கவில்லையே!

அதற்குள் சிட்டு சோம்பல் முறித்து எழுந்தது. தலையால் அவர் உள்ளங்கையை முட்டியது. தடவிக் கொடுக்கச் சொல்லி மறுபடியும் முட்டியது. சுற்றிவந்து கத்தியது. கடைசியில், அவர் கட்டைவிரலை நறுக்கென்று கடித்துவிட்டது.

"பாத்தியா, பாத்தியா!" லியோன் பாய்ந்து பூனையைப் பிடுங்கினான்.

ஜாஸ்பின் கொடியில் கிடந்த வெள்ளைத் துண்டை இழுத்து, விரலைச் சுற்றி இறுக்கிப் பிடித்தாள். பயந்துகொண்டே வெகுநேரம் பிடித்திருந்தாள். பிறகு மெல்லப் பிரித்துப் பார்த்தாள்.

துண்டு வெள்ளையாகவே இருந்தது. பல் ஆழமாகப் பதிந்த இடத்தில் ஒரு பொட்டு ரத்தம்கூட வரவில்லை.