மூன்றாவது பாட்டில் ஓர் அழுகை

"நீங்க பதிஞ்சு குடுத்த கேசட்ல மூணாவது பாட்டைப் பத்தித்தான் காலேஜ் மலர்ல கட்டுரை எழுதியிருக்கேன்ணா," என்றான் ஜியாவுல்லா.

தேரடி வீதியில் கேசட் பதிந்து கொடுக்கும் தருமனுக்கு அந்த வெளிநாட்டு ராக் இசை பிடிபட்டதே இல்லை. எலெக்ட்ரானிக் இரைச்சல், நடுவே சர்வாதிகாரத்தை எதிர்த்துக் கோஷம். இசைத்தட்டைச் சுழலவிட்டு, ஸ்பீக்கர் முன்னால் மைக்கை வைத்துப் பதிந்ததோடு சரி.

"மெஷின் சத்தத்துக்குள்ள ஒரு பொம்பள வாயப் பொத்திக்கினு அழறா. அடி வாங்குற ஜனங்க அப்படித்தான் அழும். அதாண்ணா அரசியல்."

தருமன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "கேசட்டைக் குடு தம்பி. வேற நல்லா பதிஞ்சு தரேன்."

"வேணாம்ணா. இது போதும்."

மூன்றாவது பாட்டில் நிறுத்தி வைத்திருந்த கேசட்டை அவனே டெக்கில் போட்டான். தருமன் கை நீட்டி நிறுத்துவதற்குள் அழுகை வந்துவிட்டது.

கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவே ஒரு துணித்திரை. அதை விலக்கிக்கொண்டு டீயோடு வந்த தருமனின் மனைவி உண்ணாமலை அப்படியே நின்றாள்.

"எந்த நாட்டுக்காரியோ, பாவம் அண்ணி," என்றான் ஜியாவுல்லா.

அவள் புருஷனைப் பார்த்தாள்.

"என்னை அடிச்ச கையோட வந்து பதிஞ்சீங்களே, அதுவா இது?"